பண்டிகை நாளில் மன அமைதி

ஆடித் திங்கள் தொடங்கித் தைத் திங்கள் வரை தமிழர் இல்லங்களில் விழாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தவண்ணம் இருக்கும். ஆடிப்பெருக்கு, விநாயகர் சதுர்த்தி, புரட்டாசிச் சனிக்கிழமை, நவராத்திரி, தீபாவளி, கந்த சஷ்டி, திருக்கார்த்திகை, மார்கழி வழிபாடு, பொங்கல் என அவ்வரிசை நீளும். அன்றாட உழைப்பில் தளர்ந்த உள்ளம் சற்றே இளைப்பாறவும், உற்றார் ஒன்றுகூடி மகிழவும், இறைவன் திருவடியை நினைக்கவும் முன்னோர் வகுத்தளித்த நாள்கள் இவை.

ஆயினும் இக்காலத்தில் பல இல்லங்களில் பண்டிகை நெருங்க நெருங்க முகங்கள் வாடுகின்றன. பேச்சில் கடுமை ஏறுகிறது. விடியற்காலை முதல் அடுப்படியில் நின்ற தாய், பூசை வேளையில் நிற்கவும் வலுவின்றிச் சுவரில் சாய்கிறாள். குடும்பத் தலைவர் கடன் தவணையை எண்ணியவாறே கற்பூர ஒளியைக் கண்களில் ஒற்றிக்கொள்கிறார். புத்தாடை உடுத்த பிள்ளைகள் பெரியோரை வணங்கும் முன்னரே கைப்பேசியில் படம் எடுத்து அனுப்ப ஓடுகின்றனர். எல்லாம் முறையாக நடந்தேறுகின்றன. ஆனால் மாலையில், “அப்பாடா, ஒருவழியாக முடிந்தது” என்னும் பெருமூச்சே மிஞ்சுகிறது.

மகிழ்ச்சிக்காக அமைந்த நாள் ஏன் சுமையாகிறது? அச்சுமையை மன விழிப்பினால் எவ்வாறு குறைத்துக்கொள்ளலாம்? இவ்விரு வினாக்களையும் இப்பாடம் ஆராய்கிறது.

பரபரப்பு புகும் நான்கு வாயில்கள்

முதலாவது வேலைச் சுமை. வீட்டைத் தூய்மை செய்தல், பலகாரம் செய்தல், விருந்தினரை ஓம்புதல், பூசைக்கு வேண்டியவற்றைச் சேகரித்தல் ஆகிய அனைத்தும் இரண்டொரு நாள்களில் குவிகின்றன. அவற்றுள் பெரும்பகுதி பெண்களின் தோள்மீதே விழுகிறது.

இரண்டாவது பணச் சுமை. புத்தாடை, பட்டாசு, இனிப்பு, தலைத் தீபாவளிச் சீர், ஊர் சென்று வரும் செலவு என வருமானத்தை மீறிய செலவுகள் எழுகின்றன. விழா ஒரு நாளில் முடிந்துவிடும். அதற்காக வாங்கிய கடனோ பல திங்கள் தொடரும்.

மூன்றாவது ஒப்பீடு. அண்டை வீட்டாரின் கொலுப்படிகளின் எண்ணிக்கை, உறவினர் வாங்கிய பட்டுப்புடவையின் விலை ஆகியவை முற்காலத்தில் தெருவளவில் பேசப்பட்டன. இன்று கைப்பேசியின் வழியே நூற்றுக்கணக்கான இல்லங்களின் அலங்காரம் ஒரே காலையில் கண்முன் வந்து நிற்கிறது. தன் வீட்டில் இருப்பது அப்போது சிறிதாகத் தோன்றத் தொடங்குகிறது.

நான்காவது இழப்பின் நினைவு. சென்ற ஆண்டு உடனிருந்த ஒருவர் இவ்வாண்டு இல்லை; அல்லது பிள்ளைகள் தொலைதூர நாட்டில் இருக்கின்றனர். ஏனைய நாள்களில் அடங்கிக் கிடக்கும் துயரம் பண்டிகை நாளில் மேலெழுகிறது.

இந்நான்கும் உடலையும் தாக்குகின்றன. அச்சமோ அவசரமோ நேரும்போது அட்ரினலின், கார்டிசால் முதலிய சுரப்புநீர்கள் குருதியில் மிகுகின்றன. இதயத் துடிப்பு விரைகிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தசைகள் இறுகுகின்றன. கொடிய விலங்கு எதிர்ப்பட்டால் ஓடித் தப்புவதற்கு உதவும் ஏற்பாடு இது. ஆபத்து நீங்கியதும் உடல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பண்டிகைக் காலப் பரபரப்போ நாள்கணக்கில் நீடிக்கிறது. ஆதலால் உறக்கம் கெடுகிறது, தலைவலி தோன்றுகிறது, சிறு சொல்லுக்கும் பெருஞ்சினம் எழுகிறது. சினம் கொண்டவரைக் குறை கூறுமுன் அவருடைய களைப்பையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மன விழிப்பு என்பது யாது?

செய்யும் செயலிலும், அக்கணத்தில் உடலிலும் உள்ளத்திலும் நிகழ்வதிலும் கவனத்தை நிறுத்துதலே மன விழிப்பு ஆகும். அவ்வாறு காணும்போது, நல்லது தீயது என்று உடனே தீர்ப்புச் சொல்லாமல் உள்ளதை உள்ளவாறு அறிதல் வேண்டும். மனத்தை வெறுமையாக்குதல் இதன் நோக்கமன்று. எண்ணங்கள் வரும், மனம் அலையும். அலைந்ததை அறிந்து மீண்டும் அழைத்துவருவதே பயிற்சி. நூறு முறை அலைந்தால் நூறு முறை அழைத்துவரலாம். அதில் தோல்வி என்பது இல்லை.

மேலை நாட்டு மருத்துவத்தில் இம்முறை ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்னும் பெயரால் வழங்குகிறது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஜின் என்பவர் 1979ஆம் ஆண்டில் நோயாளிகளுக்காக இப்பயிற்சியைத் தொடங்கினார். அது பின்னர் 8 வாரப் பாடத்திட்டமாகப் பல நாடுகளிலும் பரவியது. பதற்றத்தையும் மன அழுத்தத்தையும் இது ஓரளவு தணிப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. இதன் வேர் கீழை நாட்டில் உள்ளது. பௌத்த நூல்கள் கூறும் ‘சதி’ என்னும் பாலிச் சொல்லுக்கு இணையானது ‘ஸ்மிருதி’ என்னும் வடசொல். இரண்டுக்கும் நினைவு என்பதே பொருள்.

நம் யோக நெறியிலும் இதற்கு உறவான படிகள் உண்டு. பதஞ்சலி முனிவர் கூறும் எட்டு உறுப்புகளுள் பிரத்தியாகாரம், புலன்கள் வெளியே ஓடாமல் மீட்டலைக் குறிக்கிறது. தாரணை, மனத்தை ஓரிடத்தில் நிறுத்துதல். திருமூலர் அருளிய திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரமும் எண்வகை யோகத்தை விரித்துரைக்கிறது. பெயரும் முறையும் வேறுபடினும், சிதறும் மனத்தைச் செயலில் இருத்துதல் என்னும் தொடக்கம் பொதுவானது.

சுகர் ஏந்திய கிண்ணம்

வியாசரின் திருமகனார் சுகர் மெய்ஞ்ஞானம் பற்றி அறிய மிதிலை மன்னர் ஜனகரிடம் சென்றார். அரசவையில் இசையும் ஆடலும் நிகழ்ந்துகொண்டிருந்தன. மன்னர் விளிம்புவரை பால் நிறைந்த கிண்ணம் ஒன்றைச் சுகரின் கையில் கொடுத்து, ஒரு துளியும் சிந்தாமல் அவையை ஏழு முறை சுற்றி வருமாறு பணித்தார். சுகர் அவ்வாறே சுற்றி வந்தார். ஒரு துளியும் சிந்தவில்லை. சுவாமி விவேகானந்தர் தம் கர்மயோகச் சொற்பொழிவுகளில் இக்கதையை எடுத்துரைத்துள்ளார்.

ஜனகர் ஆடலையும் பாடலையும் நிறுத்திவிட்டுச் சுகரைச் சோதிக்கவில்லை என்பது இங்கு நோக்கத்தக்கது. ஆரவாரம் அப்படியே இருந்தது. சுகரின் கவனம் கிண்ணத்தில் இருந்தது. பண்டிகை நாளும் அத்தகைய அவையே. பட்டாசு ஒலியும், விருந்தினர் வருகையும், பிள்ளைகளின் கூச்சலும் இருந்தே தீரும். அவை ஓய்ந்த பிறகே அமைதி கிட்டும் என்று காத்திருப்போர் காத்துக்கொண்டே இருக்க நேரும். கையிலுள்ள கிண்ணத்தைக் கவனிப்பவர்க்கு ஆரவாரத்தின் நடுவிலும் அமைதி வாய்க்கும்.

ஒரே வேளையில் எத்தனை கிண்ணங்களை ஏந்துவது என்னும் வினாவும் இங்கே எழுகிறது. சுகரின் கையில் இருந்தது ஒரு கிண்ணமே. பத்துக் கிண்ணங்களை ஒருவர் கையில் அடுக்கிவிட்டு, சிந்தாமல் நடக்கவில்லை என்று கடிந்துகொள்வது முறையாகாது.

பூசலார் காட்டிய நெறி

தொண்டை நாட்டுத் திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் நாயனார் சிவபெருமானுக்குக் கோயில் எழுப்ப விரும்பினார். எங்கெங்கோ முயன்றும் பொருள் கிட்டவில்லை. எனவே மனத்தினுள்ளே கோயில் கட்டத் துணிந்தார். வேண்டிய பொருள்களை எல்லாம் நினைவினாலேயே திரட்டினார். நல்ல நாளில் அடித்தளம் இட்டார். விமானமும் மதிலும் திருக்குளமும் ஒவ்வொன்றாக முறைப்படி அமைத்தார். குடமுழுக்குக்கும் நாள் குறித்தார். காஞ்சியில் கற்கோயில் எழுப்பிய பல்லவ மன்னரும் அதே நாளைக் குறித்திருந்தார். இறைவன் மன்னரின் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசலின் கோயிலுக்குத் தாம் செல்லவிருப்பதால் வேறொரு நாளில் விழாவை வைத்துக்கொள்ளுமாறு அருளினார். மன்னர் திருநின்றவூர் வந்து தேடியபோது அங்கே அத்தகைய கோயில் எதையும் காணவில்லை. பின்னரே அது அன்பர் ஒருவரின் உள்ளத்தில் எழுந்த கோயில் என்று அறிந்து அவரை வணங்கினார். சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் இவ்வரலாற்றைப் போற்றியுள்ளார். நாயனாரின் குருபூசை நாள் ஐப்பசி அனுஷம். பெரும்பாலும் அது தீபாவளியை ஒட்டிய நாள்களிலேயே வருகிறது.

பொருளில்லாதார் வருந்தத் தேவையில்லை என்பது இவ்வரலாறு தரும் ஆறுதல். இதனுள் மற்றொரு பாடமும் உண்டு. பூசலார் தம் கோயிலை அவசரத்தில் முடிக்கவில்லை. எவரும் காணாத கோயிலாயினும் அடித்தளம் முதல் விமானம் வரை ஒரு படியையும் விடாமல் கட்டினார். காண்பார் இல்லாத இடத்திலும் குறையாத கவனமே அவருடைய வழிபாடாயிற்று. காண்பார்க்காக மட்டும் செய்யப்படுவதைக் குறைத்தால் பண்டிகைச் சுமையில் பெரும்பகுதி தானே இறங்கிவிடும்.

கடைப்பிடிக்கத்தக்க ஆறு பயிற்சிகள்

1. விளக்கின் முன் பத்து மூச்சு. காலையில் விளக்கேற்றியபின் உடனே அடுத்த வேலைக்கு ஓடாமல், சுடரை நோக்கியவாறு பத்து மூச்சுகள் நிற்கலாம். மூச்சை இயல்பாக உள்ளே வாங்கி, மெதுவாக வெளியே விடுதல் வேண்டும். வெளிமூச்சு நீளும்போது வேகஸ் என்னும் நரம்பின் வழியே இதயத் துடிப்பு தணிகிறது. இதற்கு ஓரிரு நிமிடங்களே ஆகும்.

2. ஒரு வேளையில் ஒரு செயல். நம் பண்டிகை வேலைகள் பலவும் கவனத்தை இயல்பாகவே வேண்டுவன. அதிரசத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சுபவர், அதில் ஒரு துளியை நீரில் விட்டு விரலால் உருட்டிப் பதம் பார்க்கிறார். அக்கணத்தில் மனம் வேறெங்கும் செல்வதில்லை. சென்றால் பதம் தவறிவிடும். புள்ளிக் கோலம் இடுபவருக்கும், சரம் தொடுப்பவருக்கும் இதே நிலைதான். அதே கவனத்துடன் விளக்குத் துலக்கலாம், காய் நறுக்கலாம். கொதிக்கும் எண்ணெயின் அருகிலும் பட்டாசின் அருகிலும் இக்கவனம் உயிர்காப்பும் ஆகும்.

3. எழும் உணர்வை அறிதல். கடுஞ்சொல் நாவின் நுனிக்கு வரும்போது ஒரு மூச்சு பொறுத்து, “இது சினம்”, “இது களைப்பு”, “இது பசி” என்று மனத்துக்குள்ளே பெயரிட்டுப் பார்க்கலாம். பெயரிட்ட அளவில் உணர்வின் வேகம் குறைவதைப் பலரும் தம் அனுபவத்தில் காண்பர். சினம் என்று எண்ணியது பல வேளைகளில் பசியாகவோ உறக்கமின்மையாகவோ இருக்கும். அதற்குரிய மருந்து உணவும் ஓய்வுமே.

4. குடும்பமாக அமர்ந்து திட்டமிடல். பண்டிகைக்கு இரு வாரங்களுக்கு முன்பே அனைவரும் ஒன்றாக அமர்ந்து, செய்யவேண்டியவற்றைத் தாளில் எழுதுதல் நன்று. அவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்: கட்டாயம் செய்யவேண்டியவை, இயன்றால் செய்யத்தக்கவை, பிறர் மெச்சுவதற்காகவே செய்பவை. மூன்றாம் பகுதியைத் துணிந்து நீக்கலாம். எஞ்சிய ஒவ்வொரு வேலைக்கும் எதிரே செய்பவர் பெயரை எழுதவேண்டும். எல்லா வேலைகளுக்கும் எதிரே ஒரே பெயர் வருமாயின் அந்தத் தாளே உண்மையைச் சொல்லிவிடும். செலவுக்கும் வரம்பு குறித்தல் வேண்டும். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது பெரியோர் வழக்கு. ஐந்து வகைப் பலகாரத்துக்குப் பதில் இரண்டு வகை செய்து, செய்தவரும் உட்கார்ந்து உண்ணும் தீபாவளியே மங்கலமானது.

5. கைப்பேசிக்கு ஓய்வு. எண்ணெய்க் குளியல், பூசை, விருந்து ஆகிய மூன்று வேளைகளிலாவது கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிடலாம். வாழ்த்துச் செய்திகளுக்குப் பிற்பகலில் மறுமொழி அனுப்பினால் குறைவொன்றும் நேராது. தனித்திருக்கும் பெரியவர் ஒருவரோடு ஐந்து நிமிடம் பேசுவது, நூறு பேருக்கு ஒரே படத்தை அனுப்புவதினும் சிறந்தது.

6. திருக்கோயிலில் நிதானம். நீண்ட வரிசையில் நிற்கும்போது பாதங்கள் தரையில் பதிவதைக் கவனிக்கலாம். இறைவன் திருநாமத்தை மூச்சோடு இணைத்து நினைக்கலாம். வலம் வரும்போது, நிறைமாதக் கர்ப்பிணி எண்ணெய்க்குடம் ஏந்தி நடப்பதுபோல் அடியெடுத்து வைக்கவேண்டும் என்று பெரியோர் கூறுவர். வழிபாடு முடிந்தபின் சற்று நேரம் பிரகாரத்தில் அமர்ந்து எழுதலும் பழைய வழக்கமே. நெரிசல் மிக்க விழா நாளில் அர்ச்சகர், ஓதுவார், நாதசுரக் கலைஞர், துப்புரவுப் பணியாளர் ஆகியோரும் உழைத்துக் களைத்திருப்பர். அவர்களிடம் இன்சொல் கூறுதலும் வழிபாட்டின் பகுதியாகும்.

இவ்வாறையும் ஒரே நாளில் தொடங்கவேண்டுவதில்லை. அவ்வாறு தொடங்கினால் அதுவும் ஒரு சுமையாகிவிடும். பண்டிகைக்குச் சில வாரங்களுக்கு முன்பே முதற்பயிற்சியை மட்டும் நாள்தோறும் செய்து பழகினால், நெருக்கடியான வேளையில் அது தானே துணைநிற்கும்.

சுமையைக் காணும் கண்

மன விழிப்பைப் பற்றி ஒரு தவறான கருத்து உண்டு. எவ்வளவு சுமை ஏறினும் முணுமுணுக்காமல் தாங்கிக்கொள்வதற்கான உபாயம் இது என்று சிலர் எண்ணுகின்றனர். நாள் முழுதும் உழைத்துச் சோர்ந்த ஒருவரிடம், “மூச்சைக் கவனி, எல்லாம் சரியாகும்” என்று கூறிவிட்டு நாற்காலியில் அமர்ந்திருத்தல் நேர்மையாகாது. விழித்த மனம் தன் மூச்சை மட்டும் காண்பதில்லை. பக்கத்தில் இருப்பவரின் வியர்வையையும் காண்கிறது. மாமியாரின் மூட்டுவலியை மருமகளும், மருமகளின் தாய்வீட்டு நினைவை மாமியாரும் காண்பதற்கு ஒருகணம் நின்று பார்த்தல் வேண்டும். அவ்வாறு கண்டவர் எழுந்து சென்று ஒரு பாத்திரத்தைத் துலக்கினால், அன்றைய தியானம் நிறைவு பெற்றதாகக் கொள்ளலாம்.

துயருற்றார்க்குத் துணை

இறப்பு நேர்ந்த இல்லத்தில் ஓராண்டு பண்டிகை கொண்டாடாமல் இருக்கும் வழக்கம் பல குடும்பங்களில் உள்ளது. உறவினரும் அண்டை வீட்டாரும் அவ்வில்லத்துக்குப் பலகாரம் கொண்டுசெல்லும் பண்பாடும் பல ஊர்களில் நிலவுகிறது. துயரத்தை மறைத்துச் சிரிக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தாமலும், துயருற்றாரைத் தனித்து விட்டுவிடாமலும் இருக்கும் நல்ல ஏற்பாடு இது. அந்த ஓராண்டு முடிந்த பின்னரும் துயரம் மீளக்கூடும். கண்ணீர் வரும்போது அதனை அபசகுனம் என்று அடக்கவேண்டுவதில்லை. மறைந்தவர் விரும்பிய ஓர் உணவைச் செய்து, அவரைப் பற்றிப் பேசி, பசித்தவர் ஒருவருக்கு அதனை அளித்தல் நெஞ்சின் பாரத்தைக் குறைக்கும்.

மூச்சுப் பயிற்சியும் வழிபாடும் மருத்துவத்துக்கு மாற்றாகா. இரு வாரங்களுக்கு மேலாக உறக்கமின்மை, எதிலும் விருப்பமின்மை, ஓயாத கலக்கம் ஆகியவை நீடிப்பின் மருத்துவரை நாடுதல் வேண்டும். கண்களை மூடி அமரும்போது அச்சமோ பழைய துயரமோ பெருகுமாயின், பயிற்சியை நிறுத்திக் கண்திறந்து, அருகில் உள்ளவரோடு பேசுவதே தக்கது. வாழவே வேண்டாம் என்னும் எண்ணம் தோன்றினால் சற்றும் தாமதித்தல் கூடாது. இந்திய அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ மனநல உதவி மையத்தை 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். உதவி கேட்பது பக்தியில் குறைவு ஆகாது.

சிந்தித்தற்குரிய வினாக்கள்

1. சென்ற பண்டிகையில் இல்லத்தில் மிகுதியாகக் களைத்தவர் யார்? அவர் எப்போது உணவு உண்டார்?

2. வழக்கமாகச் செய்பவற்றுள் எவற்றை நீக்கினால் பண்டிகையின் பொருள் சிறிதும் குறையாது?

3. பத்து மூச்சுகள் நிற்பதற்கு நாளின் எந்த வேளை ஏற்றது?

4. இவ்வாண்டு எந்த இல்லத்துக்குச் சென்று ஆறுதல் கூறவேண்டியிருக்கிறது?

விளக்கை ஏற்றுவதற்கு எண்ணெயும் திரியும் போதும். அதனை நின்று காண்பதற்கு மட்டும் அமைதி கொண்ட ஒரு மனம் வேண்டும். வரும் பண்டிகையில் ஒவ்வோர் இல்லத்திலும் விளக்கு ஏற்றுபவரும் அவ்வொளியைக் கண்டு மகிழ இறைவன் திருவருள் துணைபுரிவதாக!